கோல்கீப்பரின் அப்பா

பிப்ரவரி 6, 1977. ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து, வழக்கம்போல் ஃபேரர் பார்க் மைதானம். புல் பாதி செத்துக் கிடக்கிறது. பள்ளி முடித்த பையன்களின் பயிற்சி ஆட்டம். தம்பி ஜார்ஜ் கோலில் நின்றான். நான் குடைக்குள் நின்றேன். ஹாக்கியைப் பார்ப்பதைவிட ஹாக்கி பார்க்கிறவர்களைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். இது ரசனையா, கோழைத்தனமா?

அடுத்த மாதம் ஆள் எடுப்பு. ஞாயிறு லீக்கின் நான்கு சங்கங்களும் வரிசையில் நிற்கும் பையன்களை முறைவைத்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். போன வருஷம் கடைசியாக வந்த சங்கத்துக்கு முதல் பெயர். கடைசியாக வந்தது எங்கள் சிராங்கூன் ரேஞ்சர்ஸ். அதனால் ரேஸ்கோர்ஸ் சாலைக் கோப்பிக்கடையில் இன்று எல்லோரும் ராஜாக்கள். தோற்றவர்களுக்கு இவ்வளவு மகிழ்ச்சியை நான் பார்த்ததில்லை.

ரேஞ்சர்ஸுக்கு வேண்டியது ஒரு கோல்கீப்பர். இருக்கிற பையன்களில் இரண்டு பேர்தான் கீப்பர்கள். ஜார்ஜ். ரவூப்.

ஆள் எடுக்கும் பொறுப்பு ஆம்ப்ரோஸ் மாமாவிடம். எங்கள் பங்குக்காரர், கோயிலில் காணிக்கைத் தட்டு ஏந்துபவர். அவர் அப்பாவிடம் நேராகவே கேட்டார்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. ஜார்ஜா, ரவூப்பா?"

அப்பா இருபது வருஷம் ரேஞ்சர்ஸுக்குக் கோல் காத்தவர். கீப்பர் விஷயத்தில் அவர் வாய்தான் தீர்ப்பு. கோப்பியை ஊதினார்.

"ஜார்ஜா? பந்து வேகமா வந்தா அவனுக்குக் கண்ணு மூடிக்கும்லா. ரவூப்பை எடு."

யாரும் சிரிக்கவில்லை. தலையாட்டினார்கள். அதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

பிப்ரவரி 8

கேட்டேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள்?

"பின்ன? எந்த அப்பன் தன் பிள்ளையத் தானே நாலு பேர் முன்னால மெச்சுவான்? அசிங்கம். கண்ணு வேற படும்."

"பொய் சொல்றது அசிங்கமில்லையா?"

"பொய்யா? சும்மா சொல்றதுதான். அவங்களுக்குத் தெரியும்."

தெரியுமா?

நான் பட்டம் வாங்கிய அன்று, வாசலில் யாரோ கேட்டதற்கு அப்பா சொன்னது நினைவில் இருக்கிறது: "ஏதோ படிச்சிருக்கு." ஏதோ. புக்கிட் தீமா பல்கலைக்கழக வளாகத்தில் மூன்று வருஷம் நான் படித்தது அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டது. அன்று சிரித்தேன். பிறகு, மேற்படிப்புக்கு விண்ணப்பிக்காமல் பாடநூல் பதிப்பகத்தில் அச்சுப்பிழை திருத்தப் போனபோது, அந்த ஏதோ எனக்குள் எங்கே இருந்தது?

தெரியவில்லை. நாற்காலியில் உட்கார முடியவில்லை. கீழே இறங்கி, நாங்கள் குடியிருக்கும் புக்கிட் மேராவின் எல்லாக் கட்டடங்களையும் சுற்றிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 12

சமையலறையில் அப்பாவின் குரல். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் குளியலறையில் இருப்பது அவருக்குத் தெரியாது.

"பிலோமினா, நம்ம பய கை இருக்கே. என் கையவிட நல்ல கை. நான் அந்த வயசுல இப்படி நின்னதே இல்ல."

"அத அவன்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா தலைக்கேறிடும்."

குழாயை மூடிவிட்டு அசையாமல் நின்றேன். ஒருவர் மனதில் இரண்டு பத்திரிகைகள் அச்சாகின்றன. வீட்டுப் பதிப்பு, கடைப் பதிப்பு. இரண்டுக்கும் ஆசிரியர் ஒருவரே. நான் பிழைதிருத்துபவள், எதை அடிப்பது?

பிப்ரவரி 13. ஞாயிறு

கோப்பிக்கடையில் இன்று வாக்குவாதம் உச்சம். நெய்னா முகம்மது பாய் பரோட்டாவைக் கையில் வைத்துக்கொண்டே மேசையில் தட்டினார். துறைமுகத்தில் அப்பாவோடு வேலை செய்கிறவர். ரேஞ்சர்ஸ் தோற்கும் ஞாயிறுகளில் சாப்பிடாதவர்.

"முதல் பேரைக் கொண்டுபோய் கீப்பர்ல வேஸ்ட் பண்றதா? ஃபார்வர்ட் எடுங்கலா! கோல் போடாம எப்படி ஜெயிக்கிறது?"

"போன வருஷம் எத்தனை கோல் வாங்கினோம், எண்ணிப் பாத்தியா?"

"அதான் வாங்கிட்டோமே, இப்ப போடுவோம்!"

"அட, கீப்பர்னாலும் ரவூப்தான். ஜார்ஜ் கண்ணு மூடுவான்."

கடைசியில் சொன்னவர் ஜார்ஜின் ஆட்டத்தைப் பார்த்தே இருக்கமாட்டார். அப்பாவைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவங்களுக்குத் தெரியும் என்றாரே. ஒருவருக்கும் தெரியவில்லை.

பிப்ரவரி 17

ஜார்ஜ் கதவைத் தட்டாமல் வந்தான். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். காலுறைகூட கழற்றவில்லை.

"அக்கா, நான் கண்ணை மூடறேனா?"

ரவூப் சொல்லியிருக்கிறான். கேலியாக இல்லை. அக்கறையாக. 'உங்கப்பா சொல்றாருடா, பாத்துக்க' என்று.

"இல்லடா. அப்பா சும்மா சொன்னது."

"ஏன் சும்மா சொல்லணும்?"

இதற்குப் பதில் என்ன? இது நம் ஆட்களின் மரியாதை என்றா? கண்ணேறு கழிக்கும் முறை என்றா? சமையலறையில் கேட்டதைச் சொன்னேன். என் கையைவிட நல்ல கை.

அவன் ஒரு காலுறையைக் கழற்றிச் சுருட்டினான்.

"அம்மாகிட்ட எல்லாரும் நல்லதுதான்க்கா சொல்வாங்க. என்கிட்ட சொல்லட்டும்."

ஜூலையில் அவனுக்கு என்.எஸ்., கட்டாய ராணுவப் பணி, இரண்டு வருஷம். ராணுவ அணிக்காரர்கள் இந்த லீக்கைப் பார்க்க வருவார்கள். பெயர் எடுத்தால் அங்கேயும் ஹாக்கி உண்டு. எடுக்காவிட்டால் மற்றவர்களைப்போல் துப்பாக்கி மட்டும். இந்த ஒரு சீசன்தான் அவனுக்கு. அப்பாவுக்கு இது தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும்.

பிப்ரவரி 20. ஞாயிறு

நான்கு கோல் விட்டான்.

கண் மூடவில்லை. அதைவிட மோசம். தன் கண்ணைத் தானே கவனித்துக்கொண்டிருந்தான். பந்து வரும்போது அவன் பந்தைப் பார்க்கவில்லை, இமையைக் காவல் காத்தான். எனக்கு அது தெரிந்தது. பரீட்சை எழுதும்போது என் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு கேள்வியை மறந்தவள் நான்.

கடையில், அப்பாவைக் காட்டி: "பாத்தீங்களா? அந்தோணி அண்ணே அப்பவே சொன்னாரு."

பிப்ரவரி 21

கத்தினேன். இந்த வீட்டில் நான் கத்தியதில்லை.

உங்க வாய்தான்பா அவனக் கெடுக்குது. ஊருக்கு நல்லவரா இருக்கணும்னு பெத்த பிள்ளைய வித்துட்டீங்க. இப்ப அவன் நிஜமாவே அப்படி ஆயிட்டான். சந்தோசமா?

அம்மா அடுப்பை அணைத்தாள். அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். பேருந்து நிறுத்தத்தில் நெடுநேரம் நின்றதாக அம்மா பால்கனியிலிருந்து பார்த்துச் சொன்னாள். பேருந்துகள் வந்தன, போயின. ஏறவில்லை.

பெத்த பிள்ளைய வித்துட்டீங்க — எங்கிருந்து வந்தது இந்த வசனம்? நான் இப்படிப் பேசுகிறவளா? வெட்கம். ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மனமில்லை.

பிப்ரவரி 27. ஞாயிறு

தவக்காலம். அப்பா கோப்பிக்குச் சர்க்கரை வேண்டாமென்று விட்டிருக்கிறார்.

கடையில் உட்கார்ந்ததும், யாரும் கேட்காமலே, தொண்டையைச் செருமினார்.

"ஜார்ஜ்... பரவால்ல. நல்லாத்தான் நிக்கிறான். கை நல்லா இருக்கு."

நெய்னா பாய் வாய்விட்டுச் சிரித்தார்.

"என்ன அண்ணே, அன்னிக்குக் கண்ணு மூடுது, இன்னிக்குக் கை நல்லா இருக்கா? அண்ணி வீட்டுல சோறு போடலையா?"

மேசை முழுக்கச் சிரிப்பு. ஆம்ப்ரோஸ் மாமா மட்டும் சிரிக்காமல் அப்பாவின் தோளைத் தொட்டார். அது இன்னும் மோசம்.

"விடுங்கண்ணே. பிள்ளைப் பாசம். எங்களுக்குப் புரியாதா?"

மகனைக் குறைத்துச் சொன்னபோது அவர் நிபுணர். உயர்த்திச் சொன்னால் தகப்பன். முதலாவதை நம்பினார்கள், இரண்டாவதை மன்னிக்கிறார்கள்.

அப்பா எழுந்து காசு கொடுத்தார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. வந்ததில் கோபமும் வந்தது.

மார்ச் 3

ஜார்ஜ் அப்பாவோடு பேசுவதில்லை. அப்பா கூடத்தில் இருந்தால் இவன் சமையலறையில். சிறிய ஃப்ளாட்டில் ஒருவரையொருவர் தவிர்க்க எவ்வளவு திறமை வேண்டும். இருவரும் கீப்பர்கள்தானே, கோணம் தெரியும்.

மார்ச் 12. சனி

ஆள் எடுப்பு. மைதானத்திலேயே. பையன்கள் கோல் கோட்டில் வரிசையாக நின்றார்கள், எதிரே நான்கு சங்கத்துக்காரர்கள். பெயர் சொன்னதும் பையன் நடந்து அந்தப் பக்கம் போக வேண்டும். கால்நடைச் சந்தை என்று எழுத நினைத்தேன். இல்லை. சந்தையில் மாட்டுக்குத் தன் விலை தெரியாது.

ஆம்ப்ரோஸ் மாமா அப்பா நின்ற பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு: "ரவூப்."

ரவூப் நடந்தான். போகும்போது ஜார்ஜின் கையைத் தொட்டுவிட்டுப் போனான்.

பிறகு ஃபார்வர்டுகள். ஹாஃப்கள். காத்தோங் சங்கத்துக்காரர்கள் போன வருஷச் சாம்பியன்கள், அதனால் ஒவ்வொரு சுற்றிலும் கடைசி. முதல் சுற்றில் ஒரு நெட்டைப் பையனை எடுத்தார்கள். இரண்டாம் சுற்று. வரிசை இளைத்துக்கொண்டே வந்தது. ஜார்ஜ் தன் காலணியைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. நேராக, எதிர் கோலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்பாவின் உதடு அசைந்தது. செபமா? கேட்கவில்லை.

கடைசிப் பெயர். காத்தோங்கின் சுந்தரம். சிலோன் ரோடு கோயில் பக்கம் வீடு, நெற்றியில் எப்போதும் திருநீறு, குடையை ஊன்றுகோலாக வைத்துக்கொண்டு நிற்பவர். அவசரமே இல்லாமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"ஜார்ஜ்."

ரேஞ்சர்ஸ் பக்கம் யாரோ விசில் அடித்தார்கள். "எடுத்துக்கோங்கலா, ஃப்ரீயா வச்சுக்கோங்க!"

மார்ச் 13. ஞாயிறு

பூசைக்குப் பிறகு நான் மட்டும் மைதானத்துக்குப் போனேன். அப்பா வரவில்லை. சுந்தரம் நின்றிருந்தார். கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அறிமுகம் செய்துகொண்டேன். ஏன் ஜார்ஜை எடுத்தீர்கள்?

"அந்தோணி மகளா நீ? உங்கப்பா சொன்னதைக் கேட்டுதாம்மா எடுத்தேன்."

"அவர் கண்ணு மூடுவான்னுல்ல சொன்னார்?"

"அதான். மோசமான பிள்ளையை ஒருத்தன் இப்படிக் கடையில வச்சுத் திட்டுவானா? மறைக்கத்தான் பாப்பான். என் மகனுக்கு ஸ்டிக்கை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது. அவனைப் பத்தி நான் எங்கயாவது வாயைத் தொறந்து பேசிக் கேட்டிருக்கியா?"

சிரித்துவிட்டேன். "அப்ப ஏன் கடைசியா எடுத்தீங்க?"

"மத்த எல்லாரும் உங்கப்பாவை நம்பினாங்கள்ல. நான் எதுக்கு அவசரப்படணும்?"

அவருக்கு மட்டும் இந்த மொழி படிக்கத் தெரிந்திருக்கிறது. வீடு வந்ததும் சுந்தரம் சொன்னதை அப்படியே சொன்னேன், ஜார்ஜும் அப்பாவும் இருவரும் கேட்கும்படி, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் நின்று.

ஜார்ஜ்: "ஓ."

அப்பா செய்தித்தாளைப் புரட்டினார். ஏற்கனவே படித்த பக்கத்துக்கு.

ஏப்ரல் 10. உயிர்ப்பு ஞாயிறு, ஈஸ்டர்

புதுச் சட்டை. ஆட்டிறைச்சி. மேசையில் நான்கு பேர், இரண்டு உரையாடல்கள். அம்மா அப்பாவிடம், ஜார்ஜ் என்னிடம். காத்தோங்கில் பயிற்சி கடுமை என்றான். சுந்தரம் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டாராம். "வெளிய வா. நல்லது. மறுபடி." அவ்வளவுதான். அவன் அதைச் சொன்னபோது முகத்தில் ஒரு நிம்மதி. முகத்துக்கு நேராகச் சொல்கிறார்கள், அதனால்.

அப்பா எலும்பை உறிஞ்சிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

மே 15

காத்தோங் ஜெயித்தது. ஜார்ஜ் ஒரு கோலும் விடவில்லை.

அப்பா அதே நேரம் பக்கத்து மைதானத்தில் ரேஞ்சர்ஸ் ஆட்டத்தில். ரவூப் நன்றாக நிற்கிறானாம். நிற்கட்டும். நல்ல பையன். யார் மேலும் கோபப்பட முடியாத விஷயங்கள்தான் மனிதனைத் தூங்கவிடுவதில்லை.

ஜூன் 6

அலுவலகத்தில் ஐந்தாம் வகுப்பு அறிவியல். ஒரு பக்கத்தில் பிழையே இல்லை. நம்பிக்கை வராமல் மூன்று முறை படித்தேன். பிழை இல்லாததை எழுதிக் காட்ட எங்கள் குறியீடுகளில் ஒன்றுகூட இல்லை. ஓரத்தில் என்ன போடுவது? ஒன்றும் போடாமல் அனுப்பினேன். நல்லதைச் சொல்லாமல் விடும் அப்பாவின் முறை இது என்பது பேருந்தில்தான் உறைத்தது. கசந்தது.

ஜூன் 22

ஞாயிறு காத்தோங்கும் ரேஞ்சர்ஸும். ஜூலையில் ஜார்ஜ் முகாமுக்குப் போகிறான், அதனால் இது அவனுடைய கடைசி லீக் ஆட்டம். அப்பா எந்தப் பக்கம் உட்காருவார் என்று அம்மா கேட்டாள். நான் தெரியாது என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியாது.

ஜூன் 26. ஞாயிறு

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

அப்பா ரேஞ்சர்ஸ் பக்கம்தான் உட்கார்ந்தார். முப்பது வருஷப் பழக்கம். நெய்னா பாய்க்கும் ஆம்ப்ரோஸ் மாமாவுக்கும் நடுவில். நான் பின்னால் நின்றேன்.

முதல் தடவை பந்து காத்தோங் கோலுக்கு முன்னுள்ள வட்டத்துக்குள் போனதுமே ஆரம்பித்துவிட்டது.

"கண்ணை மூடு! ஜார்ஜு, கண்ணை மூடு!"

பத்து இருபது குரல்கள். கைதட்டி, தாளம் போட்டு. சின்னப் பிள்ளைகள்கூட. அப்பா சொன்ன அதே சொல், அவருடைய நண்பர்களின் வாயில், மைதானத்துக்கு அந்தப் பக்கம்வரை கேட்கும்படி. ஜார்ஜ் பிடித்தான். உதைத்துத் தள்ளினான். மறுபடி வந்தது. மறுபடி கூச்சல். அப்பாவின் பின்கழுத்து சிவந்துகொண்டே போனது.

"சும்மா இருங்கலா," என்றார்.

"என்னண்ணே, நீங்க சொன்னதுதானே!"

கேலிதான். விஷமில்லை. அதனாலேயே பதில் சொல்ல முடியாத கேலி.

அப்பா எழுந்தார். ஆம்ப்ரோஸ் மாமா, "அண்ணே, உக்காருங்க, விளையாட்டுதானே," என்றார். அப்பா கேட்கவில்லை. எல்லைக்கோட்டை ஒட்டி நடந்தார். மைதானத்தின் நீளம் முழுதும், ரேஞ்சர்ஸ் ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க. நானும் பின்னால் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. காத்தோங் கோலுக்குப் பின்னால் போய் நின்றார். சுந்தரம் அங்கே இருந்தார். ஒன்றும் கேட்காமல், குடையைச் சற்றே சாய்த்து நிழலில் இடம் விட்டார்.

ஜார்ஜ் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் தெரிந்துகொண்டான். தோள் மாறியது.

இரண்டாம் பாதியில் பக்கம் மாறியபோது நாங்களும் ஜார்ஜின் கோலுக்குப் பின்னால் மாறினோம்; ரேஞ்சர்ஸ் ஒரு கோல் போட்டது. யாரும் பிடித்திருக்க முடியாத பந்து. பிறகு இன்னொன்று. அது பிடித்திருக்கக்கூடியது. அப்பாவின் வாயிலிருந்து தானாக வந்தது, சத்தமாக:

"ஏன்டா வெளிய வரல!"

ஜார்ஜ் திரும்பினான். மாதக்கணக்கில் முதல் முறையாக அப்பாவின் முகத்தைப் பார்த்து:

"வந்தேன்ப்பா! கால் வழுக்கிடுச்சு!"

"வழுக்கல. நீ லேட்டு!"

நடுவர் விசில் ஊதினார். சுந்தரம் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

காத்தோங் தோற்றது. ரேஞ்சர்ஸ் கொண்டாடியது. ராணுவ அணியிலிருந்து வந்த ஒருவர் சுந்தரத்திடம் ஜார்ஜின் பெயரைக் கேட்டார், எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். இதிலிருந்து என்ன ஆகும் என்று தெரியாது. பெயர் கேட்டார், அவ்வளவுதான்.

ஜார்ஜ் கால்கவசங்களைக் கழற்றியதும் அப்பா அவற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். சேறு சட்டையில் ஒட்டியது. பேருந்துக்குப் போகும் வழி கோப்பிக்கடையைத் தாண்டித்தான். வேறு வழி உண்டு, சுற்று. அவர் சுற்றவில்லை. காத்தோங் கீப்பரின் கவசங்களோடு கடை வாசலைக் கடந்தார்.

"அந்தோணி அண்ணே! கோப்பி குடிக்கலையா? ஜெயிச்சிருக்கோம்லா!" என்றார் நெய்னா பாய்.

"நீங்க குடிங்க," என்றார் அப்பா. ஜார்ஜிடம் பேசிக்கொண்டிருந்ததை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். இரண்டாவது கோல். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. பேருந்திலும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு சீனக் கிழவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

இப்போது சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. அம்மா இரண்டு முறை கூப்பிட்டாகிவிட்டது. வெளித் தாழ்வாரத்தில் அப்பா, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, எங்கள் கதவுக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில் கோல் காக்கிறார். ஜார்ஜ் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு, பந்து எங்கிருந்து வந்தது என்று காட்டுகிறான். அங்கிருந்து வரவில்லை என்கிறார் இவர்.

பக்கத்து வீட்டு நஃபீசா அக்கா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன அங்கிள், சண்டையா?"

"ரெண்டாவது கோலு. இவன் தப்பு. ஒத்துக்க மாட்டேங்கிறான்."

நஃபீசா அக்கா சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தப் போனார். அப்பா அவரை நிறுத்துவதுபோல் கையைத் தூக்கினார். ஒரு கணம் தரையைப் பார்த்தார்.

"மத்ததெல்லாம் புடிச்சிட்டான்," என்றார்.

ஜார்ஜ் துடைப்பத்தை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான்.